தொடாமல் விட்ட ஷட்ஜம்

பாட மாட்டாள். காலையில் லாட்ஜ் அறையில் பல் தேய்க்கும்போதும் சொல்லிக்கொண்டேன், மழையில் நனைந்த ஆட்டோவில் வரும்போதும் சொல்லிக்கொண்டேன், இதோ இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் காலடியில் வயலின் பெட்டியை வைத்துக்கொண்டு திரை விலகக் காத்திருக்கும்போதும் அதையேதான் சொல்லிக்கொள்கிறேன். பூரணி இன்றைக்குப் பைரவி ராகம் பாட மாட்டாள். எட்டு மாதமாக எந்த ஊரிலும் அதைப் பாடாதவள் இங்கே, நான் வந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில், பாடிவிடுவாளா என்ன. திருச்சியில் ஐந்து நாள் விழா, இது நான்காம் நாள். என் கச்சேரி இரண்டாம் நாளே முடிந்துவிட்டது, ஒரு புல்லாங்குழல்காரருக்குப் பக்கத்தில் வாசித்தேன், நன்றாகவே வாசித்தேன், மறுநாள் காலையில் பஸ் பிடித்துக் கும்பகோணம் போயிருக்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கச்சேரி இன்னும் இருக்கிறது என்று போனில் சொன்னேன். யாருடையது என்றார். எல்லாருடையதும் என்றேன். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவர், அதற்கு மேல் கேட்கவில்லை. பொய்யும் இல்லை அது. முதல் நாள் நாகஸ்வரம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன், செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. நேற்று எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவர் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு விருத்தம் பாடினார், வார்த்தைகள் பாதி காற்றாகப் போயின, ராகம் மட்டும் அப்படியே நின்றது. நான்காம் நாளுக்குள் காது ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. லாட்ஜில் தண்ணீர் மோட்டார் ஓடினால் அது எந்த சுருதி என்று மனம் தேடுகிறது, மின்விசிறி ஒரு பஞ்சமம் போட்டுக்கொண்டு சுற்றுகிறது, தூங்கினாலும் காது தூங்குவதில்லை. ஆனால் இதெல்லாம் சும்மா. நான் தங்கியது இவளுக்காகத்தான். இவளுக்கு இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்திருக்கிறேன், இவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கச்சேரி முடிந்ததும் மேடையேறி அவள் முன்னால் நிற்பதா, இல்லை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போவதா, அது ஒன்றைத்தான் இன்றைக்குத் தீர்க்க வேண்டும்.

திரை விலகுகிறது. அரக்கு நிறப் பட்டு, அந்தப் பழைய பச்சை ஃபிளாஸ்க் இடது முழங்காலுக்குப் பக்கத்தில், பின்னால் தம்புரா. மின்பெட்டியின் பொத்தானை அழுத்தினால் சுருதி வருகிற காலத்தில் இவள் மட்டும் ஊர் ஊராகத் தம்புராவைத் தூக்கிக்கொண்டு அலைவாள், ரயிலில் அதற்கென்று ஒரு படுக்கை போடுவாள், கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் அதன் காதைத் திருகிக்கொண்டே இருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். இந்தக் கார்த்திகை ஈரத்தில் எந்தத் தந்திதான் சொன்னபடி கேட்கும், விடேன் பூரணி என்பேன். அவள் விட மாட்டாள். மேடையிலிருந்து கண்ணை ஓட்டுகிறாள், முதல் வரிசை, இரண்டாவது வரிசை, என் மேலும் வந்து போகிறது அந்தக் கண். சபையில் ஒரு வித்துவான் உட்கார்ந்திருந்தால் தலையை லேசாக அசைப்பது வழக்கம், போன வருடம் வரை தவில்காரர் முதல் கான்டீன்காரர் வரை எல்லாருக்கும் அசைத்தவள்தான். எனக்கு அசைக்கவில்லை. பார்க்கவில்லையா, பார்த்தும் அசைக்கவில்லையா. விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூன்றாவது வரிசை தெரியாது, எனக்குத் தெரியாதா, நானும் அங்கே உட்கார்ந்தவள்தானே. தெரியாது. கொஞ்சம் தெரியும். எனக்குப் பதிலாக நாகர்கோவில் சுயம்புலிங்கம் வயலினோடு உட்கார்ந்திருக்கிறார், முப்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் திருநீறு பளிச்சென்று. மிருதங்கம் நம்முடைய பொன்னுரங்கம் அண்ணன்தான், அவரை மாற்றவில்லை, என்னைத்தான் மாற்றினாள். வர்ணம் தொடங்குகிறது. அவள் குரல் அழகான குரல் என்று யாரும் சொல்ல முடியாது, கொஞ்சம் மண் ஒட்டிய குரல், காலையில் பறித்த கிழங்கு மாதிரி. ஆனால் எவ்வளவு நேராக வந்து நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எனக்கு அவளுடைய மூச்சு கேட்கும், புடவைச் சரசரப்பு கேட்கும், அடுத்தது எங்கே போவாள் என்ற கவலை கேட்கும். இங்கே பாட்டு மட்டும் கேட்கிறது. இவள் இவ்வளவு நன்றாகவா பாடுவாள். இருபத்திரண்டு வருடம் சமையலறையிலேயே நின்றவள் முதல் தடவையாக இலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சுயம்புலிங்கத்திடம் ஏதாவது குறை கிடைக்குமா என்று தேடுகிறேன், சொல்ல வெட்கமில்லை, பொறாமை என்றால் பொறாமைதான். வில் சுத்தமாக இருக்கிறது. தன் முறை வந்தால் வாசிக்கிறார், வராவிட்டால் சும்மா இருக்கிறார். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம், அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருடம் ஆயிற்று, அப்புறம் ஒரே நாளில் மறந்தேன். இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும்போது பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் சாய்கிறார். மண்ணச்சநல்லூர்க்காரர், சிவசிதம்பரம் என்று பெயர், நான்கு நாளும் இதே நாற்காலி, முதல் நாளே பெயர், ஊர், ஓய்வு பெற்ற வருடம் எல்லாம் சொல்லிவிட்டார். இன்றைக்கு வேறு சந்தேகம். "அம்மா, நீங்க பூரணியம்மாவுக்கு வாசிச்ச வயலின் மரகதம்தானே? முந்தாநாள் மேடையில பாத்ததுலேருந்து யோசனை பண்ணிக்கிட்டே இருந்தேன். பங்குனியில புதுக்கோட்டைக் கச்சேரிக்கு நான் வந்திருந்தேங்க." "அந்தம்மா பைரவியில ஒரு எடத்துல சறுக்கினாங்க, நீங்க பட்டுனு சரியா எடுத்துக் குடுத்தீங்க. பலேன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அது நான்தாங்க." இவரா. எட்டு மாதமாக என் தூக்கத்தில் கேட்கிற அந்த பலேக்கு ஒரு முகம் உண்டு என்றே நான் நினைத்ததில்லை. வெற்றிலைக் காவி ஏறிய பல், நல்ல மனுஷர், இசை என்றால் உயிரை விடுகிறவர். அதற்கப்புறம் பூரணி பைரவியைத் தொடவே இல்லை என்று அவரும் சொல்கிறார், தான் போன ஆறு கச்சேரியிலும் கவனித்தாராம், இந்தக் கதையைத் தன் கூட்டாளிகள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாராம். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைங்க என்று முணுமுணுத்துவிட்டு மேடையைப் பார்க்கிறேன். ஆறு கச்சேரி. எல்லாரிடமும்.

பைரவியில் தைவதம் இரண்டு. இது சங்கீதம் படிக்கிற குழந்தைக்கும் தெரியும். பஞ்சமத்திலிருந்து ஏறி மேல் ஷட்ஜம் வரை போகிறவர்களுக்குப் பெரிய தைவதம், ஷட்ஜத்தைத் தொடாமல் நிஷாதத்தோடு திரும்புகிறவர்களுக்குச் சின்னது. பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போகிறவருக்கு ஒரு டிக்கெட், நடுவில் இறங்குகிறவருக்கு வேறு டிக்கெட், அவ்வளவுதான். அன்றைக்குப் புதுக்கோட்டையில் ராக ஆலாபனை செய்யும்போது பூரணி கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டு நடுவில் இறங்கினாள். பெரிய தைவதத்தில் ஏறினாள், நிஷாதத்தில் நின்றாள், ஷட்ஜம் வரப்போகிறது என்று சபையே கழுத்தை நீட்டியது, தொடாமல் குரலை நிறுத்திவிட்டாள். ஆலாபனையில் வயலின், பாடுகிறவருக்கு ஒரு மூச்சு பின்னால் அதே வழியில் போக வேண்டும். பக்கவாத்தியக்காரர்களுக்கு என்று ஒரு தர்மம் இருக்கிறது, பாடுகிறவர் தவறினால் கூடவே தவற வேண்டும், மனம் வராவிட்டால் வில்லைத் தூக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். திருத்தக் கூடாது. சபைக்கு நடுவில் திருத்தவே கூடாது. நான் திருத்தினேன். சின்ன தைவதத்தை எடுத்து, இலக்கணப்படி, அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். கை தானாகப் போய்விட்டது என்று ஒரு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை எங்கேயும் தானாகப் போகாது. வில் இறங்குவதற்கு முன்னால் அரை விநாடி இருந்தது, அந்த அரை விநாடியில் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் ஒரு மூச்சு பின்னால் போனவளுக்கு ஒரே ஒரு தடவை முன்னால் நிற்க வேண்டும் போலிருந்தது. நின்றேன். பலே என்று ஒரு குரல் வந்தது. பூரணி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள், தொடர்ந்து பாடினாள்.

திரும்பி வரும்போது காரில் எப்போதும் ஏதாவது முனகிக்கொண்டே வருபவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஆனால் தஞ்சாவூர் தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொய்யாப்பழம் வாங்கினாள், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிப் பாதியை எனக்குக் கொடுத்தாள். கோபம் இருந்தால் கொய்யா கொடுப்பாளா. இந்தக் கொய்யாவில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்கினாலும் கொய்யாவில் வந்து நிற்கிறேன். வரேன் மரகதம் என்று தெருமுனையில் இறங்கினாள். அடுத்த கச்சேரிக்காரர்கள் போன் செய்து இந்தத் தடவை வயலினுக்கு வேறு ஏற்பாடு என்றார்கள், அதற்கடுத்ததும் அப்படியே. அவள் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது. மன்னித்துக்கொள் என்றால் நீ தவறியதைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம், அது அவள் தவறினாள் என்று இன்னொரு தடவை சொன்ன மாதிரி. மன்னிப்பே கேட்காவிட்டால் நான் செய்தது சரி என்று ஆகிறது. சரிதானே. தைவதம் சரிதான். இலக்கணம் சரிதான். எட்டு மாதமாக இப்படி சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஒரு நாளாவது நிம்மதி உண்டா. பயம் வேறு இருக்கிறது, இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னால் அவள் பைரவியை விட்டுவிட்டாளோ. நாற்பது வருடம் பாடிய ராகத்தை, இந்தக் காலத்தில் இவளைப் போல இன்னொருவர் பாட முடியாது என்று நானே நாலு பேரிடம் சொன்ன ராகத்தை, நான் ஒரு வில் இழுப்பில் அவள் வாயிலிருந்து பறித்துவிட்டேனோ. அதனால்தான் பாட மாட்டாள் பாட மாட்டாள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாடிவிடு என்று வேண்டிக்கொள்ளத் தைரியம் இல்லாமல்.

ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடிக்கிறாள். சீரக வெந்நீர். மூடுகிறாள். கண்ணை மூடிக்கொண்டு கீழே, மந்தரத்தில், ஏதோ தேடுகிற மாதிரி ஒரு நிஷாதத்தை அசைக்கிறாள், மேலே வருகிறாள், காந்தாரத்தில் ஒரு அசைவு. பைரவி. சிவசிதம்பரம் தொடையில் தட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார், நான் பார்க்கவில்லை. பாடுகிறாள். அம்மா, என்ன பாட்டு இது. அவசரமே இல்லை. ரிஷபத்தில் நின்றுகொண்டு நான்கு பக்கமும் பார்க்கிறாள், மத்தியமத்தை ஒரு பேச்சுக்குத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள், பஞ்சமம் வந்ததும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். இவள் எதையும் விடவில்லை. எட்டு மாதம் இந்த ராகத்தை வெளியே காட்டாமல் வீட்டுக்குள் வைத்து வளர்த்திருக்கிறாள், ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் நீர் வருகிறது, துடைக்கவில்லை, துடைத்தால் மேடைக்குத் தெரியும். சுயம்புலிங்கம் ஒரு மூச்சு பின்னால் போகிறார், அழகாகப் போகிறார், வாழ்க. இதோ மேலே ஏறத் தொடங்குகிறாள். வேண்டாம், பூரணி, அந்த இடத்துக்குப் போகாதே. போ. போகாதே. பஞ்சமம், தைவதம், பெரிய தைவதம், நிஷாதம். நிற்கிறாள். புதுக்கோட்டையில் நின்ற அதே இடம், அதே நிஷாதம், அதே நீளம். ஷட்ஜம் வேண்டும் என்று சபை மறுபடியும் கழுத்தை நீட்டுகிறது. அவள் வாயைத் திறந்தபடியே குரலை நிறுத்துகிறாள். சுயம்புலிங்கம் வில்லைத் தந்தியிலிருந்து ஒரு விரல்கடை தூக்கிக்கொண்டு சும்மா இருக்கிறார். ஒன்றுமே இல்லை. அப்போது எனக்குக் கேட்கிறது. பின்னாலிருந்து, அவள் தலைக்கு மேலாக, அரை மணி நேரம் காதைத் திருகிச் சேர்த்து வைத்த தம்புராவிலிருந்து, ஷட்ஜம். அங்கேயேதான் இருக்கிறது. கச்சேரி தொடங்கியதிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவள் அதைத் தானே தொட வேண்டிய அவசியம் என்ன, தம்புரா தொட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள். கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறாள், நாங்கள்தான் பார்க்கவில்லை. சபைக்கு அதைக் கேட்கக் கொடுத்துவிட்டு, கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும், மெல்ல இறங்குகிறாள்.

இருபத்திரண்டு வருடம் அந்தத் தம்புராவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் வில், என் தந்தி, என் இலக்கணம், இவ்வளவுதான் எனக்குக் கேட்டிருக்கிறது. அன்றைக்கும் இதைத்தான் செய்தாள். நான் அந்த மௌனத்தில் காலை வைத்து மிதித்தேன். சும்மா இருந்திருந்தால் எனக்கும் கேட்டிருக்கும், சபைக்கும் கேட்டிருக்கும். சிவசிதம்பரம் சாய்கிறார், குரலைத் தாழ்த்தி, என்னைச் சந்தோஷப்படுத்தத்தான், "பாத்தீங்களாம்மா, அதே எடத்துல திரும்பவும் சறுக்குது" என்கிறார். நான் அவர் பக்கம் முழுசாகத் திரும்புகிறேன். "சறுக்கலைங்க. ஷட்ஜம் தம்புராவுல இருக்கு. அதுக்காகத்தான் நிறுத்துறா. அன்னிக்கு நான்தான் கேக்காம வாசிச்சுட்டேன், தப்பு என்னோடது." "கூட்டாளிங்ககிட்ட அதச் சொன்னீங்களே, இதையும் சொல்லிடுங்க" என்கிறேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்க்கிறாள். சிவசிதம்பரம் மேடையைப் பார்க்கிறார், காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொள்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாங்க, இருக்கு" என்கிறார்.

கீர்த்தனை, ஸ்வரம், எல்லாம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, நன்றாக இருந்தது, மிக நன்றாக இருந்தது. இப்போது பொன்னுரங்கம் அண்ணனின் தனி. மிருதங்கம் தனியாகப் பேசத் தொடங்கியதும் பாதிச் சபை கான்டீனுக்கு எழுந்து போகிறது, கீரை வடையின் வாசனை அப்படி, யாரைக் குற்றம் சொல்ல. சிவசிதம்பரமும் எழுகிறார், காபி வாங்கி வரட்டுமா என்று கையாலேயே கேட்கிறார், வேண்டாம் என்கிறேன். முதல் இரண்டு வரிசையிலும் எனக்கு முன்னால் வெறும் நாற்காலிகள். இப்போது மேடைக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை. எழுந்துவிடலாமா. எழுந்தால் தெரியும், உட்கார்ந்தாலும் தெரியும். பூரணி தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள், ஆதி தாளம், தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, எட்டு எண்ணிக்கை. மிருதங்கக்காரர் எங்கெங்கோ சுற்றுவார், தாளம் போடுகிற கைதான் அவருக்குத் தரை. என் கையும் போடுகிறது, முந்தானைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல். முடிந்ததும் மேடைக்குப் போய் என்ன சொல்வது. கேட்டது என்று சொல்லலாமா. ஷட்ஜம் கேட்டது பூரணி என்று. அவளுக்குப் பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள், சால்வையோடு செயலாளர் நிற்பார். அவள் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு சௌக்கியமா என்பாள். சௌக்கியம் என்பேன். இதற்கு பஸ்ஸே மேல்.

அவள் இடது கை ஃபிளாஸ்க் பக்கம் போகிறது. தனி நடக்கும்போது அவளுக்குத் தொண்டை காயும், எப்போதும் நடுவில் ஒரு தடவை குடிப்பாள், அந்த மூடி பழையது, இரண்டு கையாலும் திருகினால்தான் திறக்கும். மூடி கிரீச்சென்றால் நான் வில்லை மடியில் போட்டுவிட்டுக் கையை உயர்த்துவேன், அவள் விட்ட எண்ணிக்கையிலிருந்து தாளத்தை நான் வாங்கிக்கொள்வேன், அவள் குடித்து முடித்துத் திரும்ப வாங்கிக்கொள்வாள். இதை நாங்கள் ஒரு நாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. சுயம்புலிங்கத்துக்கு யார் சொல்லியிருப்பார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு ஈரத்தில் இறங்கிப்போன தந்தியைத் திருகிக்கொண்டிருக்கிறார். பூரணி மூன்று விரலையும் எண்ணி முடிக்கிறாள். ஐந்தாவது எண்ணிக்கைக்குத் தட்டு விழ வேண்டும். விழவில்லை. இரண்டு கையும் ஃபிளாஸ்கில் இருக்கிறது. சுயம்புலிங்கத்தை அவள் பார்க்கவில்லை. வெறும் நாற்காலிகளைத் தாண்டி என்னைப் பார்க்கிறாள், நேராக, எத்தனையோ மேடையில் பார்த்த அதே பார்வை, என்ன தூங்குகிறாயா என்கிற பார்வை. என் கை முந்தானையிலிருந்து வெளியே வந்து தொடையில் ஐந்தாவது தட்டைப் போடுகிறது. வீச்சு. தட்டு. வீச்சு. பொன்னுரங்கம் அண்ணன் அவள் பார்த்த பக்கம் பார்க்கிறார், என் கையைப் பார்க்கிறார், சிரிக்கிறார், வாசித்துக்கொண்டே என் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். அவள் குடிக்கிறாள். மெதுவாக, ஒரு ஃபிளாஸ்க் முழுவதும் குடிக்கிறவள் மாதிரி. மூடுகிறாள், கீழே வைக்கிறாள், வாயைத் துடைத்துக்கொள்கிறாள். இப்போது திரும்ப வாங்கிக்கொள்வாள். இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் தாளம் போடுகிறேன், கையை நன்றாக உயர்த்தி, கடைசி வரிசைக்கும் தெரியும்படி. மிருதங்கம் வேகம் எடுக்கிறது, சுற்றிச் சுற்றி வருகிறது, சிவசிதம்பரம் காபியோடு நடைபாதையில் அப்படியே நிற்கிறார். கடைசி முத்தாய்ப்பு விழுந்ததும் பாட்டை அரை எண்ணிக்கை தள்ளி எடுக்க வேண்டும். பூரணி கண்ணைத் திறக்கிறாள். என் கையைப் பார்த்துத்தான் எடுக்கிறாள்.